பியோனிக்கு மண் அணைத்தல்

எங்கள் வீட்டு வராந்தாவில் கண்ணாடிக் கதவு வைத்த கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ் ஒன்று நிற்கிறது. மூடிப்போன பேக்கரி ஒன்றிலிருந்து வாங்கியது. கார்த்திகை மாதத்தில் வருகிறவர்கள் எட்டிப் பார்த்தால் உள்ளே கலர் பாட்டில் இருக்காது. மண் நிரப்பிய தொட்டிகள்தான் இருக்கும். அதில் செடிகூட இருக்காது, வெறும் மண். ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அவர் ரோட்டைப் பார்ப்பார். "ஏனுங்க, மண்ணுக்கு வேர்க்குதுங்களா?" என்று ஒரு பெரியவர் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

உள்ளே இருப்பது பியோனிக் கிழங்கு. பனி விழுகிற ஊர்களில் பூக்கிற பூ. ஒரு பூ விரிந்தால் சாப்பாட்டுக் கிண்ணம் அளவு இருக்கும், இதழுக்குள் இதழாக அடுக்கி இருக்கும். குளிர்காலத்தில் அந்தக் கிழங்கு நன்றாகக் குளிர்ந்து தூங்கி எழுந்தால்தான் மொட்டு வைக்கும். திருப்பூரில் குளிர்காலம் என்பதே மார்கழிக் காலையில் ஒரு மணி நேரம்தான், அதனால்தான் ஃபிரிட்ஜ். பூவின் மேல் இருந்த ஆசையால் நான் இதையெல்லாம் ஆரம்பிக்கவில்லை. என் ஓரகத்தியின் மூக்கை அறுப்பதற்காக ஆரம்பித்தேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. நேரில் அவளை அக்கா என்பேன். 'ங்க' போடாமல் அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவள் என்னைக் கண்ணு என்பாள். எங்கள் பக்கம் சண்டைகூட மரியாதை குறையாமல்தான் நடக்கும். எழுதும்போது மட்டும் 'அவள்' என்று எழுதிக்கொள்கிறேன். இந்தச் சுகத்தையாவது எனக்கு விட்டுக்கொடுங்கள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து வேலம்பாளையத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தோம். முன்னால் பனியன் கம்பெனி, பின்னால் வீடு. பகலெல்லாம் ஓவர்லாக் மெஷின் சத்தத்தில்தான் சமையல், பேச்சு, சண்டை எல்லாம். அந்த வீட்டில் அடுப்படி அவளுடையது. சாமி அறை அவளுடையது. என் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதைக்கூட அவள்தான் முடிவு செய்தாள். நான் வைத்ததுதான் சட்டம் என்று ஒரே ஒரு இடம் இருந்தது, வீட்டின் கிழக்குப் பக்கத்தில் இருந்த காலி இடம். அங்கே உப்பில்லாத போர்வெல் தண்ணீர் இருந்தது, எங்கள் பகுதியில் அது பெரிய பாக்கியம். பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா, சாமந்தி, நந்தியாவட்டை என்று ஒவ்வொன்றாக வைத்தேன். பத்து வருஷத்துக்கு மேல் அந்த இடத்தில்தான் நான் மூச்சு விட்டேன்.

பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். பழைய வீடும் கம்பெனியும் அவர்களுக்கு, அதே ரோட்டின் கடைசியில் கட்டிய புது வீடும் அதை ஒட்டி ஒரு சின்னக் கம்பெனியும் எங்களுக்கு. பேச்சு முடிந்ததும் பெரியவர்கள் முன்னால் அவளே சொன்னாள்: "செடியெல்லாம் உன்றதுதான் கண்ணு. எடுத்துக்க." அப்போது ஆடி மாதம். ஆடியில் வீடு மாறக் கூடாது என்பதால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்குத்தான் போவதாக இருந்தோம், அதுவரை அம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று நான் குன்னத்தூர் போனேன். ஆவணி வரைக்கும் செடிகள் அங்கேயே இருக்கட்டும் என்று கேட்டேன். "அதுக்கென்ன கண்ணு" என்றாள்.

ஆவணியில் டெம்போ பிடித்து, சாக்கும் கடப்பாரையுமாக ஆட்களோடு போய் இறங்கினேன். கேட்டைத் திறந்தால் பேவர் பிளாக். சிவப்பும் சாம்பலுமாகக் கோணல் கோணலாக மாற்றிப் பதித்த கல். அதன் மேல் அவர்களின் புதுக் கார். என் ரோஜாக்கள் காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் விறகு மாதிரிக் காய்ந்து குவிந்து கிடந்தன. ஆடியில் நான் வீடு மாறக் கூடாது, ஆனால் அவள் என் தோட்டத்தைத் தோண்டலாம், அதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தடை சொல்லவில்லை.

அவள் வெளியே வந்தாள். "காரு வெய்யில்ல நிக்குதுன்னு உங்க மாமா ஒரே சத்தமுங் கண்ணு. செடிதானே, வேற வெச்சுக்கலாம் உடு." டெம்போக்காரர், கடப்பாரைக்காரர்கள், கம்பெனி வாசலில் நின்றிருந்த செக்கிங் பெண்கள், எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "உன்ற கைக்கு முருங்கை நல்லா வரும். ஒடிச்சு நட்டாலே வருமல்ல, அதை வெய்யி."

நான் "செரிங்கக்கா" என்றேன். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தாள். குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது, அதற்கும் எனக்கு ஆத்திரம் வந்தது. காலி டெம்போவில் திரும்பி வரும்போது டெம்போக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு வண்டி ஓட்டினார். அவருக்கு இருந்த இங்கிதம் அவளுக்கு இல்லை.

அடுத்த வருஷம் அவள் தன் வீட்டுக்காரரோடு ஒரு ஆயத்த ஆடைக் கண்காட்சிக்காக வெளிநாடு போய் வந்தாள். அங்கே அவர்களிடம் துணி வாங்குகிற பையர் ஒருவரின் வீட்டில் கண்ணாடி ஜாடி நிறைய இந்தப் பூ இருந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பட்டுச்சேலையோடு நின்று போட்டோ எடுத்து, பெரிதாக்கி, ஹாலில் சாமி படத்தைவிடப் பெரிய சட்டத்தில் மாட்டினாள். வீட்டில் ஒரு விசேஷம் என்று போயிருந்தோம். பெண்களெல்லாம் அந்தப் படத்தின் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். யாரும் கேட்காமலே அவள் விளக்கினாள்.

"இதுக்குப் பேரு பியோனி. ராஜா ஊட்டுப் பூவாமா. நம்மூருக்கெல்லாம் வராது. ஏசி போட்டு வெச்சாலும் வராது." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ வேணும்னா வெச்சுப் பாரு கண்ணு. உனக்குத்தான் செடிப் பைத்தியமாச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். இந்தப் பூ என் வீட்டில் பூக்க வேண்டும். அதை அவள் தன் கண்ணால் பார்க்க வேண்டும். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற பிழைப்பெல்லாம் எனக்கு வேண்டாம். நேரில், என் வாசலில், பேச வாயில்லாமல் அவள் நிற்க வேண்டும்.

அவள் என் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. ஆனால் வந்தே தீர வேண்டிய நாள் ஒன்று உண்டு. பையனுக்குக் கல்யாணம் என்றால் பங்காளி வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்து அழைக்க வேண்டும். போனில் அழைத்தால் நாங்கள் போக மாட்டோம், நாங்கள் போகாத மண்டபத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவள் பையனுக்கு அப்போதுதான் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். பையனுக்குச் செவ்வாய் தோஷம், எந்த ஜாதகமும் பொருந்தவில்லை. அந்தச் செவ்வாய்க்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

கிழங்கு வடக்கே மலைப்பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து பார்சலில் வந்தது. நாலு கிழங்கு. பார்க்க அழுகின கேரட் மாதிரி இருந்தது, மேல்முனையில் மட்டும் சிவப்பாகச் சின்னச் சின்ன முளை. எங்கள் கம்பெனி சூப்பர்வைசருக்கு இந்தி தெரியும், அவரை விட்டு நர்சரிக்காரரிடம் போனில் பேசச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ரொம்ப மேலாப்புல நடச் சொல்றாருங்கக்கா. முளைக்கு மேல ரெண்டு விரக்கடை மண்ணு போதுமாமா. அதுக்கு மேல போடவே கூடாதுங்கறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் குன்னத்தூர்க்காரி. எங்கள் காட்டில் மஞ்சள்தான். விதை மஞ்சளை ஊன்றுவதும், முளைத்து வர வர மண்ணை ஏற்றி அணைத்துக்கொண்டே போவதும் நான் நடக்கப் பழகிய நாளிலிருந்து பார்த்த வேலை. மண் அணைக்காத மஞ்சள் கிழங்கு வைக்குமா? பனியில் கை விறைத்துக்கிடக்கிற ஊர்க்காரர் ஒருத்தர் கிழங்கு நடுவதைப் பற்றி எனக்குச் சொல்வதா? "சரிங்க, ரொம்ப நன்றின்னு சொல்லுங்க" என்று போனை வைக்கச் சொன்னேன். நாலு கிழங்கையும் நாலு தொட்டியில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தேன்.

பிறகு அந்தக் கிழங்குகளுக்கு நான் செய்த சேவகத்தை என் மாமியாருக்குக்கூடச் செய்ததில்லை. புது வீட்டுப் போரில் உப்புத் தண்ணீர்தான், ஆகவே குடிக்க வாங்குகிற கேன் தண்ணீரை ஊற்றினேன். "நாம குடிக்கறதுக்கு முன்னால அது குடிக்குது" என்று வீட்டுக்காரர் முனகினார். பங்குனி, சித்திரை வெயிலில் தொட்டி அடுப்பாகச் சுடும். கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கொண்டுவரச் செய்து, நனைத்து, தொட்டியைச் சுற்றிக் கட்டினேன். காய்ந்தால் மறுபடி நனைப்பேன். அக்கம் பக்கத்தில் தொட்டிக்குக் காய்ச்சல் என்று கேலி பேசினார்கள். இலை வந்தது. கரும்பச்சையாக, மினுமினுப்பாக, நன்றாகவே வந்தது. ஒவ்வொரு மாதமும் தண்டைச் சுற்றி மண்ணை ஏற்றி அணைத்தேன். ஐப்பசியில் இலை பழுத்துக் காய்ந்தது. பூ வரவில்லை.

குளிர் பத்தவில்லை என்று அந்த வருஷம்தான் பேக்கரி ஃபிரிட்ஜை வாங்கினேன். இலையைக் கத்தரித்துவிட்டு, கார்த்திகையிலிருந்து பொங்கல் வரை தொட்டிகளை அதற்குள் வைத்தேன். வெளியே எடுத்ததும் முளை பாய்ந்துகொண்டு வந்தது. இந்த முறை இலை இன்னும் செழிப்பு. நானும் இன்னும் அதிகமாக மண் அணைத்தேன். மாசி போனது, பங்குனி போனது. மொட்டின் சாயல்கூட இல்லை.

என் வீட்டு ஃபிரிட்ஜ் சங்கதி அவள் காதுக்குப் போகாமல் இருக்குமா? முருகன் கோயிலில் பார்த்தபோது, பக்கத்தில் ஆள் இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஏங்கண்ணு, பியோனி பூத்துருச்சா?" இல்லீங்கக்கா, இலைதான் நல்லா வருது என்றேன். "எலையா? கடைஞ்சு சாப்பிட ஆவுமா?" என்றாள். திருநீறு பூசிய நெற்றியோடு இப்படிக் கேட்கிறாள். முருகன் கேட்டுக்கொண்டு வேலைப் பிடித்தபடி சும்மா நிற்கிறார். அவர் மேலும் எனக்கு அன்றைக்குக் கோபம்தான்.

வீட்டுக்கு வந்து நாலு தொட்டியில் மோசமாக இருந்த ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டுபோய் வீட்டுப் பின்புறச் சந்தில் விட்டேன். செத்துத் தொலையட்டும் என்றுதான் விட்டேன். அந்த இடத்துக்கு மேலேதான் மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய். என் வீட்டுக்காரருக்கு மோட்டார் போடத் தெரியும், நிறுத்தத் தெரியாது. தொட்டி நிரம்பி, மேலிருந்து தண்ணீர் கொட்டி, கொட்டி, அந்தப் பூந்தொட்டியின் மண்ணையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஐப்பசியில் சந்தைக் கூட்டப் போனபோது பார்த்தேன். கிழங்கின் தலையே வெளியே தெரிந்தது, சிவப்பு முளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீரிலும் சாகவில்லை. ஃபிரிட்ஜில் இடம் இருந்தது, அதையும் அப்படியே தூக்கி வைத்தேன். மண் போடச் சோம்பலாக இருந்தது. பாசமெல்லாம் வற்றிப்போயிருந்தது.

அந்தக் கார்த்திகையில்தான் அவள் பையனுக்கு ஜாதகம் பொருந்தியது. பங்குனியில் கல்யாணம்.

பொங்கல் கழிந்து தொட்டிகளை வெளியே எடுத்தேன். நான் போற்றி வளர்த்த மூன்றும் வழக்கம்போல இலை விட்டன. மண் போன தொட்டியில் இலைக்கு நடுவே தண்டின் நுனியில் ஒரு உருண்டை. முதலில் ஏதோ நோய் என்று நினைத்தேன். கோலிக்குண்டு அளவு வந்தது, எலுமிச்சை அளவு வந்தது, பச்சை வெடித்து உள்ளே ரோஸ் எட்டிப் பார்த்தது. எறும்புகள் அதன் மேல் ஓயாமல் ஊர்ந்தன. ரெண்டு விரக்கடை மண்ணு போதுமாமா என்ற குரல் அப்போதுதான் காதில் விழுந்தது. கிழங்கின் கழுத்துக்கு மேல் மண் ஏறினால் அது சாகாது, அழுகாது, வருஷா வருஷம் நன்றாகத் தழைக்கும், ஆனால் பூக்கவே பூக்காது. நான் அணைக்க அணைக்க அது இலையாகவே நின்றிருக்கிறது. சூப்பர்வைசரிடம் இதைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. மற்ற மூன்று தொட்டியிலும் மண்ணைக் கையால் வழித்து எறிந்தேன்.

மாசி கடைசியில் அவள் போன் செய்தாள். "வர்ற வெள்ளிக்கிழமை அழைக்க வர்றோம் கண்ணு, ஊட்டுல இருப்பீங்கல்ல?" நான் மொட்டைப் பார்த்தேன். அது நாளைக்கே விரிந்துவிடும் போல இருந்தது. விரிந்தால் எங்கள் வெயிலில் இரண்டு நாள்கூட நிற்காது, உதிர்ந்துவிடும். தொட்டியை இலையோடு மொட்டோடு மறுபடி ஃபிரிட்ஜுக்குள் தள்ளினேன். மொட்டு அப்படியே உறைந்து நின்றது. நடுவில் புதன்கிழமை மாதாந்திர மின்தடை. கம்பெனி ஜெனரேட்டரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஒயர் இழுக்கச் சொன்னேன். "ஷிப்மென்ட் நிக்குது, பூவுக்கு ஜெனரேட்டரா?" என்று வீட்டுக்காரர் கத்தினார். "உங்க அண்ணி கிட்டச் சொல்லிக்கங்க" என்றேன். ஒயர் வந்தது. அவருக்கும் உள்ளூர ஆசை இருந்தது என்று நினைக்கிறேன், பாகப் பேச்சில் அவரும் நிறைய அவமானத்தை விழுங்கியவர்தான்.

வியாழக்கிழமை காலையில் தொட்டியை எடுத்து வராந்தாவில், வாசலுக்கு நேராக, முக்காலியின் மேல் வைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் அது முழுதாக விரிந்திருந்தது. அந்த ரோஸை நான் எப்படிச் சொல்வது? டையிங்கில் பத்துத் தடவை லேப் டிப் என்று சாயம் முக்கிப் பார்த்தாலும் பிடிக்க முடியாத ரோஸ். என் இரண்டு உள்ளங்கையும் சேர்த்தாலும் கொள்ளாது.

அவர்கள் வந்தார்கள். அவள் முன்னால் தாம்பாளத்தோடு, அவள் வீட்டுக்காரர் பின்னால். படியேறியதும் பூவைப் பார்த்தாள். ஒரு நொடி நின்றாள். பிறகு சிரித்தாள்.

"பிளாஸ்டிக்கா கண்ணு? அசலாட்டமே பண்ணிப்போடறானுங்க இப்பல்லாம்."

"தொட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

தாம்பாளத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஒரு விரலால் இதழைத் தொட்டாள். அடுக்கிலிருந்து ஒரு எறும்பு ஏறி அவள் விரலைக் கடித்தது. ஸ்ஸ் என்று கையை இழுத்தாள். பிளாஸ்டிக் பூவில் எறும்புக்கு என்ன வேலை? அவள் முகத்தில் ஈயாடவில்லை. அந்த முகத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். மூன்று வருஷமாகக் கேன் தண்ணீர் ஊற்றியது இதைப் பார்க்கத்தான், அவசரப்பட நான் முட்டாளா?

மாமா குனிந்து பூவைப் பார்த்துவிட்டு, உலகத்திலேயே வெள்ளையான மனசோடு அவளிடம் கேட்டார்: "ஏம்புள்ள, இது நீ பக்கத்துல நின்னு போட்டா எடுத்தியே, அந்தப் பூவுதானே? நம்மூருக்கு வராதுன்னியே?"

அவர் வாய்க்குச் சர்க்கரை அள்ளிப் போடலாம் போல இருந்தது. அவள் பத்திரிகையை நீட்டினாள், குங்குமம் கொடுக்க மறந்தாள், மாமா நினைவுபடுத்தியதும் கொடுத்தாள். காப்பி வேண்டாம் என்றாள். "ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்கக்கா" என்று உட்கார வைத்தேன். பூவுக்கு நேர் எதிரில்தான் நாற்காலி போட்டிருந்தேன். குடித்தாள். சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தேன்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பழிவாங்கினால் மனசு வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறையாவது உருப்படியாகப் பழிவாங்கிப் பார்க்கட்டும். எனக்கு நிறைவாகவே இருந்தது. கல்யாணத்துக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்து, மொய் எழுதி, பந்தியில் இன்னொரு லட்டு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு வந்தேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஐப்பசியில் ஒரு நாள் அவள் தனியாக வந்தாள். கார் இல்லை, நடந்தே வந்திருந்தாள். கல்யாணமான பையனும் மருமகளும் கோயம்புத்தூரில் ஃபிளாட் எடுத்துப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வராந்தாவில் உட்கார்ந்து அதையும் இதையும் பேசினாள். கண் தொட்டிகளின் மேலேயே இருந்தது. கடைசியில் கேட்டாள்.

"ஒரு கெழங்கு குடுக்கறயா கண்ணு? பகலெல்லாம் அவ்வளவு பெரிய ஊட்டுல நாந்தான் இருக்கறேன். வெச்சுப் பார்க்கோணும்னு ஆசையா இருக்குது."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு கிழங்குக்கு மூக்கால் அழுதாள் என்று ஊர் முழுக்கப் பேசுவாள். அதைவிட, எனக்கு வேறொன்று தோன்றியது. தோன்றியவுடன் உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

இருந்ததிலேயே நல்ல கிழங்கை, பூத்த அந்தத் தொட்டியிலிருந்தே, பிரித்து எடுத்தேன். ஐந்து முளை இருந்தது. வைக்கிற விதம் எல்லாம் சொன்னேன். கார்த்திகையில் ஃபிரிட்ஜ், பொங்கலுக்கு வெளியே, நல்ல தண்ணீர், வெயிலுக்கு ஈரத் துணி. எல்லாம் உண்மை. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றினேன். "ஒரு சாண் ஆழத்துல வெய்யிங்கக்கா. மொளைச்சு வர வர மண்ணு அணைச்சுட்டே இருக்கோணும். அதுலதான் சூட்சுமமே."

அவள் சந்தேகமே படவில்லை. அவள் பிறந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்காரக் குடும்பம். இடுப்பளவு குழி வெட்டி, தென்னம்பிள்ளையை அடியில் வைத்து, அது வளர வளர மண்ணைத் தள்ளி மூடுவதுதான் அவள் பார்த்த நடவு. ஆழமாக வை என்றால் அவளுக்கு அதுதான் நியாயமாகப் படும். நான் மஞ்சள்காட்டுப் பிள்ளையாக ஏமாந்தேன் என்றால் அவள் தென்னந்தோப்புப் பிள்ளையாக ஏமாறட்டும். கிழங்கை ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். கும்பிடாத குறையாக வாங்கிப் போனாள்.

அதன் பிறகு இரண்டு தை போய்விட்டது. அவளும் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கினாள், புதுசாகவே. செடிக்குத் தரைதான் நல்லது என்று யாரோ சொல்ல, மத்தியான வெயில் விழாத கிழக்குப் பக்கத்தில் பேவர் பிளாக்கைப் பெயர்த்தெடுத்துப் பாத்தி கட்டினாள். கார்த்திகையில் மண்ணோடு பெயர்த்து ஃபிரிட்ஜுக்கு, தையில் மறுபடி பாத்திக்கு. இலை வந்தால் எனக்கு போன். இலை பெரிதானால் போன். "இந்த வருஷமும் பூ வல்லைங் கண்ணு" என்று ஒரு போன். "இன்னும் கொஞ்சம் மண்ணு அணைங்கக்கா. பொறுமை வேணும்" என்பேன். என் வீட்டில் நாலு தொட்டியும் பூக்கின்றன. அவள் வந்து பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். தொட்டிக்குள் கிழங்கு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெளியே தெரியவா போகிறது?

போன மாசியில் அவசரமாகக் கூப்பிட்டாள். "வந்து பாரு கண்ணு, மொட்டு மாதிரி என்னமோ தெரியுது." செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவள் பாத்தி ஓரத்தில் மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் சேலையில் இருக்கிறவள், நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, நகமெல்லாம் மண்ணாக இருந்தாள். இலையை விலக்கிக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். மொட்டு இல்லை. விரியாத இளம் இலைதான், சுருண்டு இருந்தது. தண்டைச் சுற்றி மண்ணை அவ்வளவு அழகாக, உள்ளங்கையால் தட்டித் தட்டி, குன்று மாதிரி அணைத்திருந்தாள்.

"எலைதாங்கக்கா" என்றேன்.

"எலைதானா?" என்றாள். விலக்கிய இலைகளை மறுபடி மூடிவிட்டாள். பிறகு அந்த இலையைப் பார்த்தே சொன்னாள். "பரவால்ல உடு. காலைல எந்திரிச்சா இதைப் பார்க்கோணும்னு ஒண்ணு இருக்குதல்ல. பையன் வாரத்துக்கு ஒருக்காப் பேசறான், அதுவும் ரெண்டு வார்த்தை. இது பூத்துச்சுன்னா மொத போன் உனக்குத்தான் கண்ணு. நீ குடுத்த கெழங்கு."

கையை நீட்டி அந்த மண்ணை ஒரு தடவை வழித்துவிட்டால் போதும். அடுத்த மாசியில் பூத்துவிடும். அவ்வளவுதான் வேலை. அவள் என் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு காலத்தில் எல்லாவற்றையும் தானே முடிவு செய்தவள், இப்போது நான் என்ன சொல்வேன் என்று. எனக்குக் கை கூசியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அவள் மண்டி போட்டிருந்த இடம்தான் என் பன்னீர் ரோஜா இருந்த இடம்.

"மண்ணு இன்னுங் கொஞ்சம் அணைக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள்.

"அணைக்கலாங்கக்கா" என்று சொல்லி, நானே ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டேன்.